நாய் ஆளைப் பார்க்கும், பூனை வீட்டைப் பார்க்கும் என்பது எவ்வளவு தூரம் உண்மை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். இரண்டாவது மாடியில் வாடகை வீடு. கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள். ஏழு வயது மகள் ஒரு வருடமாக நாய்க்குட்டி கேட்டுக்கொண்டிருக்கிறாள். உங்கள் மனைவிக்குப் பூனை போதும். மாமியார், “நாய் ஆளைப் பார்க்கும், பூனை வீட்டைப் பார்க்கும். பூனைக்குப் பாசம் எல்லாம் கிடையாது, சோறு போடுகிற வரைக்கும்தான்” என்கிறார். அவர் சொல்வது உண்மையா, எதைக் கொண்டுவருவது என்பது உங்கள் கேள்வி.

திருச்சியில் பதினெட்டு வருடமாக நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். என் வீட்டிலும் இரண்டும் உண்டு. உங்கள் மாமியார் கண்ணால் பார்த்தது சரி, அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தப்பு. பூனை வீட்டைப் பார்க்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதை வைத்துப் பாசம் இல்லை என்று சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் இரண்டின் குணத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: தனக்கு ஒரு கஷ்டம் என்றால் நாய் அதை உங்களிடம் தூக்கிக்கொண்டு வரும், பூனை அதை உங்களிடமிருந்து மறைக்கும். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளை விடுகிற விஷயங்கள்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது உறையூரிலேயே வீடு மாறினோம், நாலு தெரு தள்ளித்தான். மணி என்று ஒரு நாட்டு நாய், அப்புறம் பெயரே வைக்காத ஒரு சாம்பல் பூனை. மணி, சாமான் ஏற்றிய வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்து, புது வீட்டு வாசலில் அப்பா கழற்றிப் போட்ட செருப்புக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. அதோடு அதற்கு வீடு மாறிய வேலை முடிந்தது. பூனையைச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்தோம், மறுநாள் காலையில் காணவில்லை. பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. திரும்பத் தூக்கி வந்தோம், திரும்பப் போய்விட்டது. மூன்றாவது தடவை பாட்டி, “அதுக்கு நாம முக்கியமில்ல, விட்டுடுங்க” என்று சொல்லிவிட்டார். ஆனால் அதற்கப்புறம் நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா சாயங்காலம் அந்தத் தெரு வழியாகக் கடைக்குப் போவார். தெருமுனையில் அவர் குரல் கேட்டதுமே பூனை திண்ணையிலிருந்து குதித்து, வாலைக் கம்பி மாதிரி நட்டுக்கொண்டு ஓடி வந்து, அவர் காலைச் சுற்றிச் சுற்றி உரசும், முன்னங்காலைத் தூக்கிப் புடவையில் தலையால் முட்டும். அம்மா கையில் தீனி எதுவும் இருக்காது. புதிதாகக் குடிவந்தவர்களே அதற்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சோற்றுக்காகத்தான் என்றால் அந்தப் பூனை அம்மாவிடம் ஓடி வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நாயின் மூதாதை ஓநாய், குடும்பமாக வாழ்ந்து கூட்டாக வேட்டையாடுகிற மிருகம். கூட்டம் எங்கே போகிறதோ அங்கேதான் அதற்குப் பாதுகாப்பு. அதனால் நாய்க்கு “வீடு” என்பது நான்கு சுவர் இல்லை, நீங்கள்தான். பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் இருக்கிற காட்டுப்பூனை. அது தனியாகவே வேட்டையாடும். எலி ஒரு வாய்க்குத்தான் வரும், பங்கு போட்டுத் தின்ன அதில் ஒன்றும் இல்லை. அதற்கு உதவிக்கு வர யாரும் கிடையாது என்பதால், எந்த மூலையில் இரை வரும், எந்தச் சந்தில் புகுந்து தப்பிக்கலாம், எந்த மதிலில் ஏறினால் நாலு பக்கமும் தெரியும் என்ற கணக்குத்தான் அதன் உயிர். கன்னத்தையும் தாடையையும் கதவு நிலையில், நாற்காலிக் காலில், உங்கள் காலில் உரசி உரசித் தன் வாசனையைப் பூசிவைத்து அந்தக் கணக்கை எழுதிக்கொள்கிறது. வீடு மாற்றினால் அந்த எழுத்து முழுக்க ஒரே நாளில் அழிந்துபோகிறது. எங்கள் சாம்பல் பூனை திரும்பிப் போனது அதனால்தான். இப்போது யாராவது வீடு மாற்றப் போகிறேன் என்று வந்தால், பூனையை முதலில் ஒரே ஒரு அறையில் கதவைச் சாத்தி வையுங்கள், துவைக்காத பழைய போர்வை ஒன்றைப் பக்கத்தில் போடுங்கள், இரண்டு மூன்று வாரமாவது வெளியே விடாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

இரண்டும் நம்மிடம் வந்து சேர்ந்த வழியும் வேறு வேறு. நாய் வந்தது நாம் இன்னும் விவசாயமே ஆரம்பிக்காத காலத்தில். ஜெர்மனியில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914இல் கிடைத்த ஒரு கல்லறையில், சுமார் 14,000 வருடத்துக்கு முந்திய ஓர் ஆணையும் பெண்ணையும் ஒரு நாய்க்குட்டியோடு புதைத்திருக்கிறார்கள். அந்தக் குட்டியின் பல்லில் இருந்த தடங்களை வைத்து, அதற்கு டிஸ்டெம்பர் என்கிற கொடிய வைரஸ் நோய் வந்து பல வாரம் படுத்துக் கிடந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். டிஸ்டெம்பர் வந்த குட்டியை நான் வருடா வருடம் பார்க்கிறேன். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊட்டி, துடைத்து, சூடாக வைத்துக்கொண்டால் ஒழிய அது ஒரு வாரம்கூடத் தாங்காது. வேட்டைக்கும் உதவாத, காவலுக்கும் உதவாத ஒரு குட்டிக்கு யாரோ அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பூனை வந்தது நாம் தானியத்தைச் சேர்த்துவைக்க ஆரம்பித்த பிறகு. தானியம் இருந்தால் எலி வரும், எலி இருந்தால் பூனை வரும். யாரும் பிடித்துக் கட்டிப்போடவில்லை, அதுவாக வந்து, அதுவாகவே இருந்துகொண்டது. சைப்ரஸ் தீவில் 9,500 வருடப் பழைய கல்லறை ஒன்றில் மனித உடலுக்கு 40 சென்டிமீட்டர் தள்ளி ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் வெளியிட்டார்கள். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது, படகில் ஏற்றித்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். ஆக அதன்மேலும் ஆளுக்குப் பிரியம் அப்போதே இருந்திருக்கிறது. ஆனால் நாயை நாம் காவலுக்கு, வேட்டைக்கு, ஆடு மேய்க்க என்று ஆயிரம் ஆயிரம் வருடமாகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினோம். நம் ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் அப்படி வந்தவைதான். நம் முகத்தைப் பார்த்து வேலை செய்கிற நாய்தான் அந்தத் தேர்வில் நின்றது. பூனையிடம் நாம் எதிர்பார்த்த ஒரே வேலை எலி பிடிப்பது, அதற்கு நம் முகத்தைப் பார்க்கத் தேவையே இல்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பழைய இரும்பு பீரோ இருக்கிறது, அதற்கு அடியில் பந்து உருண்டு போவது வாடிக்கை. நாய் முதலில் மூக்கை விட்டுப் பார்க்கும், கையை விட்டுப் பார்க்கும், ஒரு நிமிடம் ஆனதும் திரும்பி என்னைப் பார்க்கும். அப்புறம் பீரோவைப் பார்க்கும். திரும்ப என்னை. மெல்ல ஒரு முனகல். நான் எழுந்து துடைப்பத்தை எடுக்கப் போனாலே வால் ஆட ஆரம்பித்துவிடும், ஏனென்றால் சேதி சேர்ந்துவிட்டது என்று அதற்குத் தெரியும். அதே பீரோவுக்கு அடியில் பூனையின் நூல் உருண்டை போனால் கதையே வேறு. பூனை தரையோடு தரையாகப் படுத்து, தோள்பட்டை வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவும். வரவில்லை என்றால் பக்கவாட்டில் போய்த் துழாவும். அப்புறம் பீரோவுக்கு முன்னால் வாலைக் காலைச் சுற்றி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பேன், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காது.

2005இல் ஹங்கேரியில் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் இதையே முறைப்படி செய்து பார்த்தார்கள். கை நீட்டிக் காட்டிய இடத்தில் சாப்பாடு இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்வதில் நாய்க்கும் பூனைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதாவது பூனைக்கு நம் கை சொல்வது நன்றாகவே புரிகிறது. வித்தியாசம் தெரிந்தது, சாப்பாடு கண்ணுக்குத் தெரிந்தும் எடுக்க முடியாதபடி வைத்தபோது. நாய் ஆள் முகத்தையும் சாப்பாட்டையும் மாறி மாறிப் பார்த்தது. பூனை அவ்வளவாகப் பார்க்கவில்லை, தானே முயன்றுகொண்டிருந்தது. புத்தியில் குறைவோ பாசத்தில் குறைவோ இல்லை. உதவி கேட்கும் பழக்கம் அதன் வம்சத்திலேயே இல்லை, அவ்வளவுதான்.

இதனால் என்ன ஆகிறது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். போன வருடம் ஒரு குடும்பம் நாலு வயது ஆண் பூனை ஒன்றைக் கட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தது. நல்ல மனிதர்கள், பூனைமேல் உயிர். “ரெண்டு நாளா தூங்கிக்கிட்டே இருக்கு டாக்டர், துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி போய்ப் படுத்துக்குது, வெயிலுக்கு ஜில்லுன்னு இருக்கும்னு நினைச்சோம்” என்றார்கள். வயிற்றில் கை வைத்தேன். மூத்திரப்பை ஒரு சாத்துக்குடி அளவுக்குக் கெட்டியாக உருண்டு நின்றது. மூத்திரப் பாதை அடைத்துக்கொண்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆண் பூனைக்கு அந்தப் பாதை மிகக் குறுகல், சளி மாதிரி கொஞ்சம் சேர்ந்தாலும், மணல் மாதிரி கல் சேர்ந்தாலும் அடைத்துவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய் இதயத்தை நிறுத்திவிடும். இதே வலி ஒரு நாய்க்கு வந்திருந்தால் முதல் நாள் ராத்திரியே வீட்டைத் தூங்கவிட்டிருக்காது. அந்தப் பூனை சத்தமே போடவில்லை. மயக்கம் கொடுத்து, குழாய் போட்டு, மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றி எப்படியோ காப்பாற்றினோம், ஆனால் இப்படி வருகிற எல்லாப் பூனையும் பிழைப்பதில்லை.

பூனை வேட்டையாடுகிற மிருகம் மட்டும் இல்லை, நாலு ஐந்து கிலோ எடையில் அதுவே பெரிய மிருகங்களுக்கு இரையும்கூட. நொண்டுகிறோம், வலிக்கிறது என்று காட்டிக்கொண்டால் காட்டில் உயிர் போய்விடும். அதனால்தான் உடம்பு சரியில்லை என்றால் ஒளிந்துகொள்கிறது. பூனை வளர்க்கிற யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது: வழக்கமாகப் படுக்காத இடத்தில் படுக்கிறதா, மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து ஒன்றும் வராமல் எழுகிறதா, நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டு முடி கலைந்து கிடக்கிறதா, வழக்கமாக ஏறுகிற ஜன்னல் திட்டில் ஏறாமல் கீழேயே நிற்கிறதா என்று பாருங்கள். ஆண் பூனை முக்கி முக்கி மூத்திரம் வரவில்லை என்றால் அன்றைக்கே, ராத்திரியானாலும், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு நாளைக்கு மேல் எதுவுமே சாப்பிடவில்லை என்றாலும் காத்திருக்காதீர்கள். குறிப்பாகக் குண்டான பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதுவே தனி வியாதி ஆகிவிடும்.

நாயிடம் நாம் செய்கிற தவறு இதற்கு நேர் எதிரானது. அது இவ்வளவு காட்டுகிறதே என்று, காட்டாததையும் சேர்த்துப் படித்துவிடுகிறோம். ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் செருப்பு கடித்துக் கிடக்கிறது, நாய் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, ஓரக்கண்ணால் பார்க்கிறது. “பாருங்க, தப்பு பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது” என்று சொல்லிவிட்டு ஒரு அடி வைப்போம். அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்பவர் 2009இல் இதைச் சோதித்தார். தப்பே செய்யாத நாயாக இருந்தாலும், சொந்தக்காரர் திட்டினால் அதே முகத்தைத்தான் காட்டியது. நாம் குற்றவுணர்ச்சி என்று படிக்கிற அந்த முகம் “கோபமாக இருக்கிறீர்கள், பயமாக இருக்கிறது” என்கிற முகம். காலையில் கடித்த செருப்புக்குச் சாயங்காலம் அடித்தால், நீங்கள் வீட்டுக்கு வருவதே ஆபத்து என்றுதான் அது கற்றுக்கொள்ளும். நாயை அடிக்கிறவர்களிடம் இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை.

பாசத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019இல் பூனைக்குட்டிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பைப் பார்க்க மனோதத்துவத்தில் பயன்படுத்துகிற முறையேதான். புது அறையில் சொந்தக்காரரோடு இரண்டு நிமிடம், தனியாக இரண்டு நிமிடம், திரும்ப அவரோடு இரண்டு நிமிடம். அவர் திரும்பி வந்ததும் ஒரு தடவை வந்து தொட்டுவிட்டு, தைரியம் வந்து அறையைச் சுற்றிப்பார்க்கப் போன குட்டிகள் கிட்டத்தட்ட நூற்றுக்கு 64. மனிதக் குழந்தைகளில் கிடைத்த கணக்கும் ஏறத்தாழ அதேதான். அந்த வருடமே ஜப்பானில் இன்னொரு ஆய்வு, வீட்டுப் பூனைகள் தங்கள் பெயரை அதே நீளமுள்ள மற்ற சொற்களிலிருந்து பிரித்து அறிகின்றன என்று காட்டியது. ஆக உங்கள் வீட்டுப் பூனைக்கு நீங்கள் கூப்பிடுவது கேட்கிறது. வருவதா வேண்டாமா என்று அது தானாக முடிவெடுக்கிறது. ஓடி வருகிற நாயின் அன்பு எவ்வளவு இனிக்குமோ, எங்கேயோ படுத்திருந்த பூனை அதுவாக எழுந்து வந்து மடியில் ஏறி, மாவு பிசைவது மாதிரி இரண்டு கையாலும் தொடையைப் பிசைந்து, குர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டு உட்காருவதும் எனக்கு அந்த அளவுக்கு இனிக்கும். ஒரு சின்ன விஷயம், வளர்ந்த பூனைகள் ஒன்றோடு ஒன்று “மியாவ்” என்று பேசிக்கொள்வது அபூர்வம். குட்டி தாயிடம் போடுகிற சத்தம் அது. பெரிதானதும் அதை நமக்காக வைத்துக்கொள்கிறது.

உங்கள் மகளுக்காகச் சொல்ல வேண்டியது, இரண்டின் உடம்பு மொழியும் பல இடத்தில் எதிரும் புதிருமாக இருக்கும். நாய் வாலை அகலமாகக் குழைத்து ஆட்டினால் சந்தோஷம். பூனை வாலைப் பட் பட் என்று அடித்தால் எரிச்சல், கையை எடுத்துவிட வேண்டும். நாய் மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்தினால் பெரும்பாலும் வயிற்றைச் சொறிந்துவிடச் சொல்கிறது. பூனை மல்லாந்து படுத்தால் “உன்னை நம்புகிறேன்” என்று அர்த்தம், “தொடு” என்று அர்த்தம் இல்லை, தொட்டால் நாலு காலும் சேர்ந்து கையைப் பிடித்துவிடும். பூனையை முறைத்துப் பார்த்தால் மிரளும். கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் அதுவும் மெதுவாக மூடித் திறக்கும், இதை உங்கள் பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுங்கள், நிச்சயம் பிடித்துப்போகும். தடவுவதற்கு ஒரு வழி: விரலை நீட்டினால் அதுவே வந்து முகர்ந்து கன்னத்தைத் தேய்க்கும், கன்னத்தையும் காதுக்கு முன்னாலும் நாலைந்து தடவை தடவிவிட்டு நிறுத்த வேண்டும். திரும்ப முட்டினால் தொடரலாம், முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தம்.

நாயிடம் குழந்தை கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது, கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைக்கக் கூடாது. நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, உடம்பைக் கட்டையாக விறைத்துக்கொள்வது எல்லாம் “விட்டுவிடு” என்கிற சொல். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பிக் கடி வாங்கி வந்தவர்கள் ஏராளம். உறுமுகிற நாயை உறுமியதற்காக அடித்தால் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும், எச்சரிக்கையை நீங்களே பிடுங்கிவிட்டீர்கள். எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் சின்னக் குழந்தையோடு தனியாக விடாதீர்கள். நாயோ பூனையோ, கடித்தாலும் கீறினாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநோய் பூனையாலும் வரும், பூனைக்கும் தடுப்பூசி உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சாப்பாட்டில்கூடப் பூனை ஒரு சின்ன நாய் இல்லை. ஆயிரக்கணக்கான வருடம் நம்மோடு சாப்பிட்டதில் நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கிற சக்தி ஓநாயைவிடக் கூடிவிட்டது, மோர் சாதமும் முட்டையும் கொடுத்தாலும் எப்படியோ ஓட்டும். பூனையின் உடம்பு முழுக்க முழுக்க மாமிசத்தை நம்பியது. டாரின் என்ற சத்தை அதனால் போதுமான அளவு தானே செய்துகொள்ள முடியாது, அது மீன், கறியிலிருந்துதான் வர வேண்டும். குறைந்தால் கண் பார்வை கெடும், இதயம் வீங்கும். இனிப்புச் சுவையே அதற்குத் தெரியாது, அந்த மரபணு அதற்கு வேலை செய்வதில்லை. தினமும் பால் சாதம் மட்டும் போட்டு வளர்ப்பது பூனைக்குச் செய்கிற தீங்கு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்கைத்தான் கொடுக்கும். சைவ வீடு என்றால் கடையில் விற்கிற நல்ல பூனைத் தீனி வாங்கிப் போடச் சம்மதமா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மருந்திலும் அப்படித்தான். காய்ச்சல் என்று பூனைக்குக் கொடுத்த ஒரு பாராசிட்டமால் மாத்திரை அதன் உயிரை எடுக்கப் போதும். பெர்மெத்ரின் கலந்த நாய் உண்ணி மருந்தைப் பூனைக்குப் போட்டால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிடும்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. காலையில் எட்டு மணிக்குப் பூட்டினால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் திறப்பீர்கள் என்றால், நாய்க்குட்டி வேண்டாம். இதை நான் தயங்காமல் சொல்வேன். ஆள்தான் வீடு என்று பிறந்த ஒரு ஜீவனைத் தினம் பத்து மணி நேரம் ஆளில்லாத இடத்தில் அடைப்பது அதற்குத் தண்டனை. ஊளையிடும், கதவைக் கடிக்கும், அக்கம்பக்கத்தில் புகார் வரும், வீட்டுக்காரர் சத்தம் போடுவார், கடைசியில் பாவம் அந்தக் குட்டியை எங்காவது விட்டுவிட்டு வருவார்கள். அப்படி விடப்பட்ட நாய்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன், ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஒருவேளை உங்கள் மாமியார் பகலில் உங்களோடுதான் இருக்கிறார் என்றால் கதை மாறும். அப்போது அவரிடம் கேளுங்கள், ஏனென்றால் நாயின் முழுப் பொறுப்பும் அவர் தலையில்தான் விழும். அவர் மனதாரச் சரி என்றால் ஒரு நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வளருங்கள், நம் வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. தினம் இரண்டு வேளை வெளியே கூட்டிப்போக வேண்டும், அதற்கு ஆள் யார் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஹஸ்கி மாதிரி பனி ஊர் நாயை இரண்டாவது மாடிக்குக் கொண்டுவராதீர்கள், ஏப்ரல் மே மாதத்தில் அவை படுகிற பாட்டை என்னால் பார்க்க முடிவதில்லை.

வீடு பகலில் பூட்டித்தான் இருக்கும் என்றால் பூனை. ஒன்றாக இல்லாமல் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளாக எடுங்கள், பகலில் ஒன்றுக்கொன்று துணை. தாயிடமிருந்து எட்டு ஒன்பது வாரத்துக்கு முன்னால் பிரித்து எடுக்காதீர்கள், ஆனால் இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைக்கும் ஆள் கை பட்டு வளர்ந்த குட்டியாக இருக்க வேண்டும். பூனைக்கு மனிதப் பழக்கம் படிகிற காலம் அதுதான், நாய்க்கு அது மூன்று மாதம் வரைக்கும் நீளும். தூக்கினால் சீறாமல் கையில் தளர்ந்து கிடக்கிறதா என்று பார்த்து எடுங்கள். பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடித்துவிடுங்கள், புறாவைப் பார்த்துப் பாய்ந்து விழுந்த பூனைகளை நிறையப் பார்த்துவிட்டேன். உயரத்தில் ஏறி உட்கார ஒரு பரணோ பீரோ மேல் ஒரு அட்டைப்பெட்டியோ வேண்டும். விடிகாலை நாலரைக்கு முகத்தைத் தட்டி எழுப்பும், பூனை சுறுசுறுப்பாக இருக்கிற நேரம் விடியலும் அந்தியும். ராத்திரி பத்து மணிக்கு நூலைக் கட்டி இழுத்து நன்றாக ஓடவிட்டு, அதற்கப்புறம் கடைசிச் சாப்பாட்டைப் போட்டால் கொஞ்சம் தாமதமாக எழுப்பும். ஐந்தாறு மாதத்தில் கருத்தடை ஆபரேஷன் கட்டாயம்.

முதல் நாள் கூடையைத் திறந்ததும் இரண்டும் கட்டிலுக்கு அடியில் போய்விடும், பாப்பாவுக்கு அழுகை வரும். இழுத்து வெளியே எடுக்காதீர்கள். மணல் தட்டையும் தண்ணீரையும் தீனியையும் அந்த அறையிலேயே எட்டி எட்டி வைத்துவிட்டு, அவளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டு உட்காரவைத்து, கட்டிலுக்கு அடியில் பார்க்காமல் பள்ளிக்கூடப் பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் ஒன்றும் நடக்காது. இரண்டாவது நாள் ஒரு மூக்கு வெளியே தெரியும். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ அவள் படித்துக்கொண்டிருக்கும்போது முழங்காலில் ஏதோ மெத்தென்று முட்டும். அப்போதும் திரும்பிப் பார்க்காமல் அந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கச் சொல்லுங்கள்.